வரிசையில் நின்ற விண்கலம்

டமார், டமார் என்று இரும்புக் கேட் அதிர்ந்தது.

"எவடி எங் குடத்தை எடுத்தது? வெளிய வாங்கடி!"

மொட்டைமாடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த அஸ்வினியின் கையிலிருந்து ஆக்சா பிளேடு நழுவி விழுந்தது. அவள் மடியில் ஒரு நீலப் பிளாஸ்டிக் குடம் நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. அறுத்து முடித்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

மணி ஆறரை. பகல் பன்னிரண்டுக்குள் அவள் ஒரு விண்கலத்தைச் செய்து முடித்து, பழங்காநத்தத்தில் இம்மானுவேலின் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். அது அவருக்குப் பிடித்துவிட்டால் வேலை. பிடிக்காவிட்டால் மறுபடியும் ஜவுளிக்கடை. வருகிறவர்கள் பிரித்துப் போட்டுவிட்டு, "கலர் பத்தலை" என்று எழுந்துபோகும் சேலைகளை மடித்து அடுக்க வேண்டியதுதான். நான்கு வருடம் மடித்தாயிற்று. இனி ஒரு முந்தானையைக்கூட மடிப்பதில்லை என்று அஸ்வினி முடிவு செய்திருந்தாள்.

இம்மானுவேல் சினிமாவுக்கும் விளம்பரங்களுக்கும் சிறு மாதிரிகள் செய்து கொடுப்பவர். இரண்டடி அணைக்கட்டு, முழ நீள ரயில் என்று அவர் செய்வதைத் திரையில் பார்த்தால் நிஜமென்றே தோன்றும். இப்போது ஒரு படத்துக்கு வரிசையாக விண்கலங்கள் வேண்டுமாம். உதவிக்கு ஒரே ஒரு ஆள் போதும். தேடி வந்த ஐந்து பேரிடமும் போன வாரம் அவர் ஒரே நிபந்தனையைத்தான் சொன்னார்.

"கடையில வாங்கின பாகம் ஒண்ணுகூட இருக்கக் கூடாது. மிஷின்ல அச்சடிச்சும் எடுத்துட்டு வரக் கூடாது. வீட்டுலயும் தெருவுலயும் என்ன கெடக்கோ அதை வச்சுச் செய்ங்க. ஒவ்வொரு பாகத்தையும் தொட்டு, இது முன்னாடி என்னவா இருந்துச்சுன்னு கேப்பேன். செவ்வாக்கெழமை மத்தியானம் பன்னெண்டுக்கு ஷட்டரை எறக்கிருவேன்."

அஸ்வினி நேற்று மாலையே முடித்துவிட்டாள். ஃபிரிட்ஜ் வந்த பெட்டியின் தெர்மோகோலைச் செதுக்கி, அழகான உடல். கடைசி வேலையாக, அப்பா லோடு ஆட்டோவின் கீறல்களுக்கு அடிக்க வைத்திருந்த வெள்ளி ஸ்ப்ரேயை எடுத்து ஒரு சுற்று அடித்தாள். 'சொய்' என்று சத்தம் கேட்டது. பெயிண்டில் இருக்கும் தின்னர் தெர்மோகோலைத் தின்றுவிடும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கண் முன்னாலேயே விண்கலம் சுட்ட கத்தரிக்காய் மாதிரி சுருங்கிக் குழிந்து உட்கார்ந்துவிட்டது.

அழவில்லை. பாகங்களை மட்டும் பிய்த்து ஒரு டப்பாவில் போட்டாள். விடிந்ததும் விடியாததுமாக உடலுக்கு ஏதாவது கிடைக்குமா என்று தெருவில் இறங்கினாள். வில்லாபுரத்தில் அவர்கள் குடியிருந்த தெருவின் முனையில் அது கிடந்தது. அடி ஓரத்தில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்த நீலக் குடம். அதற்குப் பின்னால் ஒரு பெயிண்ட் டப்பா, ஒற்றைச் செருப்பு, ஒரு செங்கல். குப்பைதான், சந்தேகமே இல்லை. பெயிண்ட் டப்பாவையும் தூக்கிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று வைத்துவிட்டுக் குடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

அந்தக் குடத்துக்குத்தான் இப்போது கேட் உடைகிறது.

அஸ்வினி இறங்கி வந்தபோது, தெருமுனையில் இட்லிக் கடை போட்டிருக்கும் தங்கப்பொண்ணு இடுப்பில் கை வைத்து நின்றாள். அஸ்வினியின் அம்மா கனகலட்சுமி கேட்டின் இந்தப் பக்கம் திகைத்துப்போய் நின்றாள்.

"அக்கா, அது ஓட்டைக் குடம்க்கா. குப்பைன்னு நெனச்சேன்" என்றாள் அஸ்வினி.

"குப்பையா? ஏத்தா கனகலட்சுமி, ஒம் மகளைக் கேளு. நேத்துச் சாயங்காலமே வச்சுட்டுப் போயிருக்கேன். மொத ஆளு நானு. எங் குடம் நின்னா நான் நின்ன மாதிரி. இப்ப வந்து பாத்தா விருமாண்டி டப்பா மொதல்ல நிக்குது. கேட்டா அந்த ஆளு பல்லு வெளக்கிக்கிட்டே, ஒம் மகதான் தூக்கிட்டுப் போனான்னு சாட்சி சொல்றாரு."

அஸ்வினிக்கு அப்போதுதான் உறைத்தது. நான்கு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் லாரி வரும். அந்தக் குடமும் டப்பாவும் செருப்பும் குப்பை இல்லை. ஆட்கள்! இந்தத் தெருவுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. பழைய வீட்டில் போர் தண்ணீர். இங்கே லாரி வருவதற்குள் அவள் ஜவுளிக்கடைக்குக் கிளம்பிப் போயிருப்பாள்.

"நல்ல குடத்தை வைக்கலாம்லக்கா? அதான் ஓட்டைன்னு..."

"நல்ல குடத்தை வச்சா விடியிறதுக்குள்ள தூக்கிட்டுப் போயிருவாங்கடி! ஓட்டைக் குடத்தை எவ தொடுவான்னு வச்சேன். நீ ஒருத்தி பெறந்து வந்திருக்க."

கனகலட்சுமி மகளின் தலையில் லேசாக ஒரு குட்டு வைத்தாள். "அந்தச் செங்கல் யாருதுன்னு நெனச்ச? நம்மளுதுடி! நல்லவேளை, அதையும் தூக்காம வந்த."

"சரி, எங் குடத்தைக் குடு. போறேன்" என்று கை நீட்டினாள் தங்கப்பொண்ணு.

அஸ்வினி மாடிக்குப் போய் இரண்டு பாதிகளையும் கொண்டுவந்து நீட்டினாள். தங்கப்பொண்ணு ஒன்றைப் பார்த்தாள், மற்றொன்றைப் பார்த்தாள். கழுத்துப் பக்கம் ஆணியைக் காய்ச்சிப் பொறித்த 'த.பொ.' என்ற எழுத்து மட்டும் முழுசாக இருந்தது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து வைத்துப் பார்த்தாள்.

"எதுக்குடி அறுத்த?"

"விண்கலம் செய்றதுக்குக்கா."

"என்னாது?"

அஸ்வினி சொன்னாள். இம்மானுவேல், பன்னிரண்டு மணி, ஜவுளிக்கடை, உருகிய தெர்மோகோல் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். தங்கப்பொண்ணு கேட்டுக்கொண்டாள். மனம் இளகிய மாதிரி தெரியவில்லை.

"அதெல்லாம் ஒம் பாடு. தண்ணி இல்லேன்னா எனக்கு நாளைக்கு மாவு கெடையாது, கடை கெடையாது. நான் இப்ப யாவாரத்தைப் பாக்கப் போறேன். எங் குடம் நின்ன எடத்துல நீ போயி நில்லு. லாரி வந்ததும் பத்துக் குடம் புடிச்சுக் குடு. இன்னைக்கு மட்டுமில்ல, எனக்கு இன்னொரு குடம் ஓட்டையாகிற வரைக்கும் லாரி வர்ற அன்னைக்கெல்லாம் நீதான் நிக்கணும்."

"அக்கா, பன்னெண்டு மணிக்குள்ள..."

"லாரி எட்டுக்கெல்லாம் வந்துரும். போ!"

கனகலட்சுமி மகளைப் பார்த்தாள். "நான் நிக்கிறேன்டி. நீ போயி செய்யி."

"நீ செங்கலுக்கு நிக்கணும்ல. ஒரு ஆளு ஒரு எடம்தான்" என்று கறாராகச் சொல்லிவிட்டு இட்லி வேகும் திசையில் நடந்தாள் தங்கப்பொண்ணு.

அஸ்வினி ஒரு நிமிடம் யோசித்தாள். கெஞ்சிக்கொண்டிருந்தால் அதற்கு அரை மணி நேரம் போகும். மாடிக்கு ஓடி, பாகங்கள் கிடந்த டப்பாவையும் கத்தியையும் ஆணியையும் கம்பியையும் மிச்சமிருந்த ஸ்ப்ரேயையும் ஒரு கட்டைப்பையில் போட்டாள். குடத்தின் இரண்டு பாதிகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போய், பெயிண்ட் டப்பாவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். விண்கலத்தை வீட்டில்தான் செய்ய வேண்டும் என்று இம்மானுவேல் சொல்லவில்லையே!

எட்டு மணிக்கு வர வேண்டிய லாரி வரவில்லை. வரிசை மட்டும் நீண்டது. டப்பாவுக்குச் சொந்தக்காரரான விருமாண்டியும், செருப்புக்குச் சொந்தக்காரியான மீனாவும் வந்து தங்கள் பொருட்களை எடுத்துவிட்டு அந்தந்த இடத்தில் நின்றார்கள். விருமாண்டி ஒரு மில்லில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மீனா வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவள்.

"என்னத்தா இது, ஆமையா?" என்றார் விருமாண்டி.

குடத்தின் இரண்டு பாதிகளையும் அடியோடு அடி சேர்த்துக் கவிழ்த்து வைத்திருந்தாள் அஸ்வினி. முன்னால் ஒரு பாதிக் கழுத்து, பின்னால் ஒரு பாதிக் கழுத்து. நடுவில் அந்த ஓட்டை ஒரு வாசலாகத் திறந்திருந்தது.

"விண்கலம்ணே. இந்த ஓட்டை வழியாத்தான் குட்டிக் கலமெல்லாம் உள்ள வந்து நிக்கும்."

"வரிசையிலயா?"

"வரிசையிலதாண்ணே."

குடத்துப் பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் நிற்காது என்பது முதல் கால் மணி நேரத்திலேயே தெரிந்துபோனது. ஒட்டினாள், பிய்ந்தது. சுரண்டிவிட்டு ஒட்டினாள், மறுபடியும் பிய்ந்தது. இந்த முறை ஏமாந்து நிற்க நேரமில்லை. "அம்மா, ஆணியைக் காய்ச்சிக் கொண்டா!" என்று கத்தினாள். செங்கல்லின் இடத்தில் நின்றிருந்த கனகலட்சுமி அதை மறுபடி வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள். காய்ந்த ஆணியால் இரண்டு ஓரங்களிலும் துளை போட்டு, எரிந்துபோன மிக்சி மோட்டாரிலிருந்து உருவிய செம்புக் கம்பியால் அஸ்வினி தைக்க ஆரம்பித்தாள்.

மீனா எட்டிப் பார்த்தாள். "அப்படித் தைக்காதடி. இழுத்தா கிழிஞ்சிரும். கொக்கி தைக்கிற மாதிரி குறுக்க ஒரு மடக்கு மடக்கு. இங்கிட்டுக் குடு." கம்பியை வாங்கி மளமளவென்று தைத்தாள். வெளியே செம்புப் புள்ளிகள் ஆணி அடித்த மாதிரி வரிசையாக மின்னின.

"றெக்கை கெடையாதா?" என்றாள் தைத்துக்கொண்டே.

"வேணும்க்கா. தேடிக்கிட்டிருக்கேன்."

மீனா தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். யாரோ ஒரு பழைய பிளாஸ்டிக் முறத்தைக் கொண்டுவந்து போட்டார்கள். முன்னால் அகன்று பின்னால் குறுகும் முறம். திருப்பிப் போட்டால் அதைவிட நல்ல இறக்கை எங்கே கிடைக்கும்?

அதற்குப் பிறகு வரிசைக்கே வேலை வந்துவிட்டது. நின்று நின்று அலுத்தவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. தன் டப்பாவிலிருந்த மாத்திரை அட்டைகளை வெட்டி மேல்தளத்தில் சொருகினாள் அஸ்வினி. உடைந்த டிவி ரிமோட்டுக்குள் இருந்த பச்சைப் பலகை கட்டுப்பாட்டு அறையானது. ஷாம்பு பாட்டில் மூடிகள் சிறு பீரங்கிகளாயின. மீனா நெற்றியில் ஒட்டுவதற்கு வைத்திருந்த கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு அட்டையைக் கொடுத்தாள். கடுகளவு பொட்டுகள். வரிசையாக ஒட்டியதும் ஜன்னல்களாகிவிட்டன. குடம் பசையைத்தான் விரட்டியது, பொட்டை ஏற்றுக்கொண்டது.

"இம்புட்டு ஜன்னலா? அப்ப உள்ள எம்புட்டுப் பேரு இருப்பாங்க?" என்று கேட்டார் விருமாண்டி.

"ஆயிரம் பேரு இருப்பாங்கண்ணே."

"ஆயிரம் பேருக்குத் தண்ணி?"

அஸ்வினியின் கை நின்றது. அதை அவள் யோசிக்கவில்லை. தன் டப்பாவைக் கிளறி, பழைய கழிவறைத் தொட்டியின் மிதவைப் பந்தை எடுத்துப் பின்பக்கம் கம்பியால் கட்டினாள். "இதுதான் தண்ணித் தொட்டி."

"நாலு நாளைக்குத் தாங்குமா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. அஸ்வினி விருமாண்டியிடம் அந்தப் பெயிண்ட் டப்பாவைக் கேட்டாள். "டப்பா என் எடம்த்தா. அதைக் கேக்காத. மூடி வேணும்னா எடுத்துக்க" என்றார். மூடி தலைகீழாக ஏறி, வானத்தைப் பார்க்கும் ஆன்டெனாவானது.

ஒன்பதரைக்குக் கடையை ஏறக்கட்டிவிட்டுத் தங்கப்பொண்ணு வந்தாள். லாரி இன்னும் வரவில்லை. அஸ்வினி இடத்தை விட்டு நகரவும் இல்லை. அதை முதலில் கவனித்தாள். பிறகு குடத்தைப் பார்த்தாள். சுற்றி வந்து பார்த்தாள்.

"பின்னாடி மொட்டையா இருக்கு" என்றாள்.

"இஞ்சின் வைக்கணும்க்கா. சரியா ஒண்ணும் அமையலை."

தங்கப்பொண்ணு கடைக்குப் போனாள். கால் உடைந்த பழைய இட்லித் தட்டு ஒன்றை எடுத்துவந்து அஸ்வினியின் மடியில் போட்டாள். நான்கு குழி, குழிக்குக் குழி ஓட்டை, வருடக்கணக்கில் ஆவி பட்டுக் கறுத்த அலுமினியம். அஸ்வினி அதைப் பின்பக்கம் வைத்துப் பார்த்தாள். நான்கு இயந்திர வாய்கள், எரிந்து புகைந்து ஓய்ந்த மாதிரி. தட்டை விடாமல் நிமிர்ந்தாள். "அக்கா..." என்றாள்.

"தட்டு இனாம். குடம் இனாம் இல்ல. அது வேற கணக்கு."

பத்தேகாலுக்கு மேல் இணைப்பெல்லாம் முடிந்தது. இனி பெயிண்ட் மட்டும்தான். அஸ்வினி வெள்ளி ஸ்ப்ரேயைக் கையில் எடுத்தாள். கழுத்தில் இருந்த 'த.பொ.'வைச் சுரண்ட உப்புத்தாளையும் எடுத்தாள்.

"ஏய்! என்ன பண்ற?" தங்கப்பொண்ணு அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பெயிண்ட் அடிக்கணும்க்கா. இல்லேன்னா பழைய குடம்னு தெரியும்."

"தெரியட்டும். பதினோரு வருசமா தெருவுல நின்ன குடம்டி. வெயிலு, மழை, மாடு முட்டுனது, லாரி ஒரசுனது, அம்புட்டும் அது மேல இருக்கு. நீ வெள்ளியை அடிச்சு விட்டேன்னா எங் குடம்னு எனக்கே தெரியாது. எம் பேரையும் சுரண்டப் போறியா? அறுத்ததுக்கே இன்னும் எனக்கு ஆறலை."

அஸ்வினி வாதாட வாயெடுத்தாள். அப்போது, "லாரி! லாரி!" என்று வரிசை எழுந்தது.

அதன் பிறகு பெயிண்ட் அடிக்க ஏது நேரம்? குழாயைப் பிடித்தவர்களும் குடத்தைத் திணித்தவர்களுமாகத் தெரு கொந்தளித்தது. அஸ்வினி முதல் ஆளாக நின்று, ஒன்று, இரண்டு என்று பத்துக் குடமும் பிடித்தாள். ஒவ்வொன்றையும் இடுப்பில் வைத்து இட்லிக் கடை வரை ஓடினாள். பத்தாவது குடத்தை இறக்கியபோது மணி பதினொன்றரை. உடம்பு முழுக்க நனைந்திருந்தது.

"ஆட்டோ புடிச்சுப் போ" என்றாள் கனகலட்சுமி. அப்பா அவசரத்துக்கு இல்லை. வெற்றிலைக் கூடை ஏற்றிவர லோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு சோழவந்தானுக்குப் போயிருந்தார். தெருவில் ஒரு ஆட்டோகூடத் தென்படவில்லை.

தங்கப்பொண்ணு அரிசி மூட்டை ஏற்றும் தன் மொபெட்டை உதைத்துக் கிளப்பினாள். "ஏறுடி. எங் குடம் எங்க போகுதுன்னு நானும் பாக்கணும்."

மூன்றடி நீள விண்கலத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அஸ்வினி பின்னால் உட்கார்ந்தாள். மொபெட் பெரிய ரோட்டில் ஏறியதும் முறம் காற்றைப் பிடித்தது.

"அக்கா, பறக்கப் பாக்குதுக்கா!"

"பறக்கத்தானடி செஞ்ச! இறுக்கிப் புடி!"

பழங்காநத்தம் பட்டறையில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே நுழைந்தார்கள். நீள மேசையில் ஏற்கெனவே இரண்டு விண்கலங்கள் நின்றன. இரண்டும் வெள்ளி நிறத்தில், சீர் வரிசைப் பாத்திரம் மாதிரி பளபளத்தன. அஸ்வினி மேசையின் ஓரத்தில் இடம் தேடினாள். அந்தப் பளபளப்பின் பக்கத்தில் தன்னுடைய வெளுத்த குடத்தை வைத்தாள்.

இம்மானுவேல் கடிகாரத்தைப் பார்த்தார். ஈரச் சுடிதாரைப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"இது?"

"பெயிண்ட் டப்பா மூடி சார்."

"இது?"

"ஸ்டிக்கர் பொட்டு. இது மிதவைப் பந்து. அது இட்லித் தட்டு."

இட்லித் தட்டை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உடலின் மேல் விரலை ஓட்டினார். முதுகில் நீலம் வெளுத்துச் சாம்பலாகி, பக்கவாட்டில் இறங்க இறங்க மெல்ல மெல்ல நீலமாகும் இடத்தில் விரல் நின்றது. ஆழமாக ஒரு கீறல். அதன் மேல் பழைய தார்க்கறை.

"இந்த வெளுப்புக்கு எத்தனை கோட்டு பெயிண்ட் அடிச்ச? நான் முப்பது வருசமா முயற்சி பண்ணியும் இந்த வெயில் எனக்கு வரலை."

"அடிக்கல சார். அது பதினோரு வருசம் தெருவுல நின்ன குடம்."

"த.பொ.ன்னா?"

"நாந்தான்" என்றாள் தங்கப்பொண்ணு.

இம்மானுவேல் நிமிர்ந்து அஸ்வினியைப் பார்த்தார். "கேட்டு எடுத்தியா?"

பொய் சொல்லலாம். தங்கப்பொண்ணுகூட ஒருவேளை சும்மா இருந்திருப்பாள்.

"இல்ல சார். குப்பைன்னு நெனச்சு எடுத்துட்டேன். அறுத்தப்புறம்தான் தெரிஞ்சுது, அது தண்ணி வரிசையில அக்காவுக்காக நின்ன குடம்னு. அதனால அது எடத்துல நான் உக்காந்து, அங்கயே இதைச் செஞ்சேன்."

"செஞ்சது மட்டுமில்ல தம்பி, பத்துக் குடம் புடிச்சும் குடுத்தா" என்றாள் தங்கப்பொண்ணு. "ஆனா கணக்கு இன்னும் முடியலை. நாலு நாளைக்கு ஒருக்கா லாரி வரும். இன்னொரு குடம் ஓட்டையாகிற வரைக்கும் இவதான் என் எடத்துல நிக்கணும்னு பேச்சு."

இம்மானுவேல் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். பளபளத்த இரண்டு விண்கலங்களையும் மேசையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, நீலக் குடத்தை விளக்கின் அடியில் நடு மேசைக்கு இழுத்து வைத்தார்.

"அக்கா, அடுத்த லாரிக்கு வேற ஓட்டைக் குடம் பாத்துக்கங்க. இந்தப் பொண்ணு இனிமே காலையில ஒம்பது மணிக்கு இங்கதான நிக்கணும்!"